மாற்றுக்கால் போட்ட மெஷினுக்கும் பூசை உண்டா?

நவராத்திரியின் ஒன்பதாம் நாள் வந்துவிட்டால், தையல் மெஷின் இருக்கும் தமிழ் வீடுகளில் அதற்கும் விடுமுறைதான். மேலே கிடக்கும் துணியை எடுத்துவிட்டு, பல்லிடுக்கில் அடைந்த பஞ்சைத் தட்டி, பலகையைத் துடைத்து, சக்கரத்தில் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். பக்கத்தில் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்கள் சாமிப் படத்துக்கு முன்னால் அடுக்கப்பட்டிருக்கும். மறுநாள் விஜயதசமியன்று ஒரு துண்டுத் துணியில் நாலு தையல் ஓட்டிப் பார்த்த பிறகுதான் வழக்கமான வேலை தொடங்கும்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், அலோர் ஸ்டாருக்கு வடக்கே, தாய்லாந்து எல்லைக்குப் போகும் வழியில் இருக்கிறது ஜித்ரா. கெடாவின் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போனபோது, தோட்டத்து லயத்தை விட்டு இப்படிப்பட்ட பட்டணங்களுக்கு வந்த குடும்பங்கள் எவ்வளவோ சாமான்களைக் கைவிட்டன. விட்டு வர மனம் வராதவற்றில் சிங்கர் மெஷினும் ஒன்று. வாடகை போலத் தவணை கட்டி மெஷினைச் சொந்தமாக்கிக்கொள்ளும் முறையை 1856-லேயே கொண்டுவந்த நிறுவனம் அது. கையில் மொத்தப் பணம் இல்லாத வீட்டுக்குள் மெஷின் நுழைந்த வாசல் அந்தத் தவணைதான்.

மெஷின் வந்து சேர்ந்தது. கூட இருந்த சில்லறைச் சாமான்கள் வந்து சேரவில்லை. சுருக்குப் போடும் கருவி, ஓரம் மடித்து அடிக்கும் கால், ஜிப் வைக்கும் ஒற்றைக் கால், எண்ணெய்க் கறை படிந்த கையேடு எல்லாம் எங்கோ ஒரு இழுப்பறையோடு போய்விட்டன. பேத்தி அதே மெஷினில் ரவிக்கை தைக்க உட்காரும்போது வேறொரு மெஷினின் கால், புது பெல்ட், எங்கோ கிடைத்த பாபின் கேஸ் என்று ஒவ்வொன்றாக மாட்ட வேண்டியிருக்கிறது. அப்போது ஒரு கேள்வி எழுகிறது. இப்படி உறுப்பு உறுப்பாக மாறிய பிறகும் இது பாட்டியின் மெஷின்தானா? நவமியன்று பொட்டு வைப்பது எதற்கு?

பழைய கேள்விதான். பாலி மொழியில் உள்ள மிலிந்த பஞ்ஹாவில் நாகசேனர் என்ற பௌத்தத் துறவி மிலிந்த மன்னனிடம் தேரைக் காட்டிக் கேட்கிறார். அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகம் தேரா? எதுவுமே இல்லை, எல்லாவற்றையும் சேர்த்து வைத்து நாம் இட்ட பெயரே தேர் என்று மன்னனே ஒப்புக்கொள்ள நேர்கிறது. மனிதனும் அப்படித்தான், உள்ளே நிலைத்த ஆன்மா என்று தனியாக ஒன்றில்லை என்பது நாகசேனர் கொண்டு சேர்க்கும் முடிவு. தமிழில் இதற்குச் சமண மரபிலிருந்து கடும் மறுப்பு எழுந்தது. பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்கு எதிராக எழுந்த நீலகேசியில், பௌத்தரோடு வாதிட்டு ஆன்மா உண்டென்று நிலைநாட்டுகிறாள் நாயகி. தேரைப் பற்றிய வழக்கு தமிழ் மண்ணில் பொழுதுபோக்காக நடக்கவில்லை. உயிர் உண்டா இல்லையா என்ற வழக்காகவே நடந்தது.

இந்த வாதங்களையெல்லாம் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். நாகசேனர் உறுப்புகளைப் பிரித்துக் காட்டினார். ஓர் உறுப்பு ஏன் இன்னொன்றோடு பொருந்துகிறது என்பது அவருடைய கேள்வி அல்ல. பழைய மெஷினுக்குக் கால் தேடுகிறவருக்கோ அந்தக் கேள்விதான் முழு உலகம்.

காலை இறக்கி வைத்து, கீழ்த்தட்டிலிருந்து காலைப் பிடிக்கும் திருகாணியின் நடுப்பகுதி வரை அடிக்கோலால் அளக்க வேண்டும். ஏறத்தாழ அரை அங்குலம் வந்தால் குட்டைத் தண்டு. ஏறத்தாழ ஒரு அங்குலம் வந்தால் நெட்டைத் தண்டு. ஊசியும் தண்டும் நேராக நிற்காமல் தையற்காரரை நோக்கிச் சாய்ந்திருந்தால் அது தனி இனம்; 1952-ல் வந்த சிங்கர் 301 அந்தச் சாய்வு இனத்தைச் சேர்ந்தது. குட்டைத் தண்டிலும் ஒரு சிக்கல் உண்டு. சிங்கர் 66 வகையின் பழைய மெஷின்களில் கால் பக்கவாட்டில் மாட்டாது, பின்பக்கத்திலிருந்து மாட்டும். உயரம் சரியாக இருந்தாலும் கடையில் வாங்கிய கால் அதில் நிற்காது. சிங்கரின் சொந்தக் கால்களில் ‘சிமான்கோ’ என்ற முத்திரையும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். தேடலில் அந்த எண் பெரிய துணை. காஜா எடுக்கும் கருவியில் 160506 என்ற எண் இருந்தால் நேர் ஊசி மெஷினுக்கு. 160743 என்றிருந்தால் சாய்வு ஊசிக்கு. வேலை ஒன்றுதான், மாட்டும் இடம் வேறு. எண்ணைப் பார்க்காமல் காசு கொடுத்தால் பெட்டியில் தூங்கும் பொருள்தான் மிஞ்சும்.

இந்தப் பொருத்தத்துக்கு ஜித்ராவோடு ஒரு கசப்பான உறவு உண்டு. 1941 டிசம்பர் 11 முதல் 13 வரை நடந்த ஜித்ராப் போரில் ஜப்பானியப் படை பிரிட்டிஷ் இந்தியப் படையின் அரணை உடைத்தது. தொடர்ந்து வந்த ஆக்கிரமிப்பு ஆண்டுகளில் மலாயாவில் துணிப் பஞ்சம். சாக்கை உடுத்தியவர்கள் உண்டு. போர் முடிந்த பிறகு அதே ஜப்பானின் தொழிற்சாலைகள் சிங்கரின் 15-ஆம் வகையைப் பொது அளவாக வைத்துக்கொண்டு லட்சக்கணக்கில் மெஷின் செய்தன. ஊசிப் பொட்டலத்தில் இன்றும் அச்சாகும் ‘ஹெச்ஏ 1’ என்ற குறி அந்த ஜப்பானிய அளவின் பெயர்தான். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கிலிருந்த சிங்கர் ஆலையில் வார்த்த அந்த வகை மெஷினுக்கு ஜப்பானிய ஊசி மாறாமல் பொருந்தும். தோட்டத்துப் பாட்டி சாக்குடுத்திய காலத்தை மறந்திருக்க மாட்டாள். அதே நாட்டின் ஊசியால்தான் பேத்திக்குத் தீபாவளிச் சட்டை தைத்திருப்பாள். அறிமுகமே இல்லாத ஒருவர் இன்னொருவரின் வேலைக்காகத் தன் அளவை அடக்கிக்கொள்வதில் ஓர் அறம் இருக்கிறது. அதைச் செய்தவர்கள் லாபத்துக்காகச் செய்திருக்கலாம். அதனால் அறம் குறைந்துவிடாது.

சைவ சித்தாந்தத்தின் பக்கம் திரும்பினால் பொட்டு யாருக்கு என்ற கேள்விக்கு இன்னும் நெருங்கிய விடை கிடைக்கிறது. ஒரு காரியத்துக்கு மூன்று காரணம் வேண்டும் என்கிறது சித்தாந்தம். குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகத்துக்கு மாயை முதற்காரணம், சிவன் நிமித்த காரணம், அவனுடைய சக்தி துணைக்காரணம். கருவியின் இடத்தில் சக்தியை வைத்த மரபு இது. சக்திக்குரிய ஒன்பது இரவுகளின் முடிவில் கருவிகளுக்குப் பூசை வருவதை இந்தக் கண்ணோடு பார்த்தால், அது பாமர வழக்கம் என்று ஒதுக்கக்கூடியதல்ல. துணி முதற்காரணம், தைப்பவள் நிமித்த காரணம் என்றால், மெஷின் நிற்கும் இடம் சக்தியின் இடம். சித்தாந்த ஆசான் மெய்கண்டார் தையல் மெஷினை நினைத்து எழுதவில்லை. ஆனாலும் அவர் வகுத்த வழியில் நடந்தால் வந்து சேரும் இடம் இதுதான்.

அப்படியானால் சந்தனம் படுவது இரும்பில். வணக்கம் போவது தைக்கும் ஆற்றலுக்கு. பெல்ட் மாறினாலும் கால் மாறினாலும் தைக்கிற வரைக்கும் அது பாட்டியின் மெஷின்தான். கூடத்து மூலையில் பூஞ்சாடி தாங்கிக்கொண்டு, பொன்னெழுத்து மாறாமல், ஒரு தையலும் ஓடாமல் நிற்கும் மெஷினைப் பற்றித்தான் உண்மையில் கவலைப்பட வேண்டும்.

ஆற்றல் இரும்பில் மட்டும் இருப்பதில்லை; பாதி கையேட்டில் இருக்கிறது. ஊசியின் தட்டைப் பக்கம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது வகைக்கு வகை மாறும். மாற்றிச் செருகினால் தையல் விழவே விழாது, மெஷின் கெட்டுவிட்டதென்று இரும்புக் கடைக்குப் போய்விடும். துணியில்லாமல் காலை இறக்கி ஓட்டினால் பல் தேயும் என்று சிங்கர் கையேடுகள் திரும்பத் திரும்ப எச்சரிக்கின்றன. சக்கரத்தைத் தன் பக்கமாகவே சுற்ற வேண்டும் என்பதும் அவற்றில்தான் இருக்கிறது. மெஷினின் தளத்தில் பொறித்த எண்ணைக் கொண்டு அது எங்கே, எப்போது செய்யப்பட்டது என்று கண்டுபிடிக்கலாம். 1935-லிருந்து கிளைட்பேங்கில் செய்தவற்றின் எண் ஆங்கில ‘ஈ’ எழுத்தில் தொடங்கும், கூடவே இன்னோர் எழுத்து வரும். வகை தெரிந்துவிட்டால் கையேடு கிடைப்பது பெரும்பாடல்ல. சிங்கர் நிறுவனமே பல பழைய கையேடுகளை இலவசமாகத் தருகிறது. ஸ்மித்சோனியன் நூலகங்களிலும் பழைய தையல் மெஷின் வெளியீடுகளின் தொகுப்பு உண்டு.

1924-ல் காந்தியிடம் இயந்திரங்களைப் பற்றி ஒரு மாணவர் துருவித் துருவிக் கேட்டார். சாந்திநிகேதனில் படித்துக்கொண்டிருந்த அவர் ஜி. ராமச்சந்திரன், பின்னாளில் சௌந்தரம் அம்மாளோடு திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கியவர். இயந்திரங்கள் எல்லாவற்றையும் வெறுக்கிறீர்களா என்ற கேள்விக்குக் காந்தி விலக்காகச் சொன்னது சிங்கர் தையல் மெஷினை. மனைவி கையால் தைத்துப் படும் பாட்டைக் கண்டு அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது காந்தி நம்பிய கதை. ஐசக் சிங்கரின் வாழ்க்கை வரலாறு அந்தக் கதையைத் தாங்காது. பல பெண்களோடு பல குடும்பம் நடத்திய, பணத்துக்காகவே உழைத்த மனிதர் அவர். ஆனால் ராமச்சந்திரன் அடுத்துக் கேட்டதுதான் கூர்மையான கேள்வி. அந்த மெஷினைச் செய்ய ஒரு பெரிய தொழிற்சாலை வேண்டுமே? வேண்டும் என்று ஒப்புக்கொண்ட காந்தி, அப்படிப்பட்ட தொழிற்சாலைகள் நாட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்றார். வீட்டுக்குள் தனியாக நிற்கும் எளிய கருவியும் எங்கோ ஓர் ஆலையைச் சார்ந்தே நிற்கிறது என்பதை அந்த மாணவர் பிடித்துவிட்டார்.

கிளைட்பேங்க் ஆலை 1980-ல் மூடப்பட்டது. அங்கே பிறந்த மெஷின்களைத் தைக்க வைக்கும் பொறுப்பு இப்போது அவற்றை வைத்திருப்பவர்களிடமே இருக்கிறது. அதை ஒவ்வொரு வீடும் தனித்தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. கெடாவில் நவராத்திரி நடக்கும் கோயில் மண்டபங்களில் எட்டாம் நாள் மாலை ஒரு மேசை போடலாம். ஓர் அடிக்கோல், மெஷின் எண்ணெய், திருப்புளி, 15, 28, 66, 99 வகைக் கையேடுகளின் அச்சுப் பிரதிகள், வீடுகளில் சும்மா கிடக்கும் கால்களைப் போட்டு வைக்க ஒரு டப்பா இருந்தால் போதும். சாய்வு மெஷின் வைத்திருப்பவர் வீட்டில் நேர் ஊசிக் கால் வீணாகக் கிடக்கும், அடுத்த தெருவில் அதைத் தேடிக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்கு எடுத்துப் போகும் கையேட்டை மறுநாள் பள்ளிப் புத்தகங்களோடு சேர்த்தே சரஸ்வதி முன்னால் வைக்கலாம்.