இடம்பெயர்ந்த பொருள் அதுவேதானா?

ஒரு பொருள் முன்பிருந்த அதே பொருள்தான் என்று சொல்ல எது ஆதாரம் என்னும் பழைய தத்துவக் கேள்வியைச் சோதித்துப் பார்க்கக் கணினி நினைவகத்தைப் போல் தெளிவான களம் அரிது. சி மொழியில் சுட்டி என்பது நினைவகத்தின் ஓர் இடத்தைக் குறிக்கும் எண். நிரலர் அதைக் கூட்டலாம், கழிக்கலாம், சேமித்தும் வைக்கலாம். சி ஷார்ப், ஜாவா போன்ற, நினைவகத்தை இயக்கச்சூழலே நிர்வகிக்கும் மொழிகளில் இந்த உரிமை இயல்பாகக் கிடைப்பதில்லை. ஏனெனில், அங்கே பொருள்கள் ஓரிடத்தில் நிலைத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

நிரலின் எந்தக் குறிப்பாலும் (ரெஃபரன்ஸ்) எட்டமுடியாத பொருள்களின் இடத்தை மீட்பது கார்பேஜ் கலெக்டரின் வேலை. ஆங்காங்கே விழும் வெற்றிடங்களை மூட, எஞ்சிய பொருள்களை அது நெருக்கி அடுக்குவதும் உண்டு. சி ஷார்ப் இயங்கும் டாட்நெட் சூழலில் அவ்வேளை நிரலின் இழைகள் நிறுத்தப்படுகின்றன. பொருளின் பைட்டுகள் புதிய இடத்தில் படியெடுக்கப்பட்டு, அதைச் சுட்டிய குறிப்புகள் அனைத்தும் புதிய முகவரிக்கு மாற்றி எழுதப்பட, பழைய இடம் வேறு பொருளுக்கு உரியதாகிறது. நிகழ்ந்தது படியெடுப்பும் மூலத்தின் அழிவுமே. ஆயினும் பொருள் நகர்ந்தது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஒன்று மறைந்து இன்னொன்று பிறந்தது என்று எவரும் சொல்வதில்லை.

ஒரே வகையைச் சேர்ந்த இரு பொருள்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்க இயலாது, ஒரே பொருள் ஒரே நேரத்தில் இரு இடங்களில் இருக்கவும் இயலாது என்று தத்துவஞானி ஜான் லாக் வாதிட்டார். இரு குறிப்புகள் ஒரே பொருளைச் சுட்டுகின்றனவா என்று சோதிக்கும் சி ஷார்ப்பின் 'ரெஃபரன்ஸ் ஈக்வல்ஸ்' இந்த விதியின்படியே தீர்ப்பளிக்கிறது: எண்ணுக்கு எண் ஒத்த இரு அணிகளும் (அரே) வெவ்வேறு முகவரியில் இருந்தால் அவை இரண்டே. ஆனால் இந்த விதி ஒரு கணத்துக்குள் மட்டுமே செல்லும். நேற்றைய முகவரியையும் இன்றைய முகவரியையும் ஒப்பிட்டு எதையும் அறிய முடியாது.

காலத்தைக் கடந்த ஒருமைக்கு இந்தியத் தத்துவத்தின் நியாய மரபினர் காட்டிய சான்று பிரத்யபிஜ்ஞை, அதாவது 'இது அதுவே' என்னும் மீளறிதல். கணந்தோறும் புதிதாகும் விளக்குச் சுடரையும் ஒரே சுடர் என்றே மனம் கொள்கிறது என்பதால், மீளறிதல் ஒருமையை நிறுவாது என்பது பௌத்தரின் மறுப்பு. நினைவகத்தைப் பொறுத்தவரை பௌத்தரின் வாதமே வலியது. சாட்சி சொல்லவேண்டிய குறிப்பே, நிரல் நின்றிருந்த இடைவேளையில் திருத்தப்பட்டிருக்கும்போது, அது தரும் சாட்சியம் ஒருமையை எப்படி மெய்ப்பிக்கும்?

இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கும் சாட்சி ஒன்று உண்டு. சி ஷார்ப்பில் 'அன்சேஃப்' என்று அறிவித்த பகுதிக்குள் 'ஃபிக்ஸ்டு' என்னும் கட்டளையால் ஓர் அணியின் முகவரியைப் பெற்று, சி மொழியில் எழுதிய நூலகத்துக்கு அனுப்பலாம். அந்த எண்ணைக் கலெக்டர் திருத்துவதில்லை. ஆகவே கட்டளை நீடிக்கும் வரை அணியே அசையாமல் பிணைக்கப்படுகிறது. கட்டளை முடிந்தபின் அந்த எண்ணை எங்கேனும் சேமித்து வைத்திருந்தால், பிறகு அது சுட்டும் இடத்தில் அதே அணியும் இருக்கலாம், தொடர்பே இல்லாத வேறொரு பொருளின் நடுப்பகுதியும் இருக்கலாம். எண்ணைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

இடத்தைச் சாராத அடையாளம் தேவைப்படுவோருக்காக, ஜாவா 'ஐடென்டிட்டி ஹாஷ்கோட்' என்னும் எண்ணை வழங்குகிறது. பொருள் எத்தனை முறை இடம்பெயர்ந்தாலும் அதன் ஆயுள் முழுதும் இந்த எண் மாறுவதில்லை. முகவரியைவிட இதுவே அடையாளத்துக்கு நெருங்கியதாகத் தோன்றலாம். ஆனால் 32 பிட்டுக்குள் அடங்கவேண்டிய எண் என்பதால், ஒரே காலத்தில் வாழும் இரு வேறு பொருள்களுக்கும் அது ஒன்றாக அமைந்துவிடக்கூடும். அப்போது அவை இரண்டென்று தீர்ப்பளிக்க, அக்கணத்தில் அவை நிற்கும் இடத்தையே மீண்டும் கேட்கவேண்டியிருக்கிறது.