கோட்டுக்கு வெளியே நிற்பது

உண்மையைத் தேடுகிறவன், தேடத் தொடங்குமுன்பே, அது எங்கே இருக்கக்கூடும் என்று ஒரு கோடு கிழித்துக்கொள்வது நேர்மையாகுமா? தத்துவவாதிகளின் வெற்று வாதமாகத் தோன்றும் இவ்வினா, வானொலி வானியலில் அன்றாடத் தொழிற்பிரச்சினையாகும்.

புனே நகருக்கு வடக்கே, கோடாட் கிராமத்தையொட்டி, 45 மீட்டர் விட்டமுடைய 30 அலைவாங்கிகள் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் பரப்பில் நின்று, ஒரே பெருந்தொலைநோக்கியாகப் பணிபுரிகின்றன. ஆயினும் அவற்றினிடையே வெற்றிடமே மிகுதி. ஆதலால் முதலிற் கிடைக்கும் படத்தில் ஒவ்வொரு வான்பொருளைச் சுற்றியும் போலி வளையங்களும் கீற்றுகளும் படர்ந்திருக்கும். 1974-இல் யான் ஹோக்பொம் வகுத்த 'கிளீன்' முறை, மிகப் பிரகாசமான புள்ளியைக் கண்டு, அதன் ஒரு பங்கையும் அது பரப்பிய போலிகளையும் கழித்து, மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்து படத்தைத் துலக்குகிறது. எப்புள்ளியை மெய்யெனக் கொள்வது? இங்கேதான் மனிதன் தலையிடுகிறான். கணினித் திரையில் 'மாஸ்க்' என்னும் எல்லையைக் கையால் வரைந்து, 'இதற்குள் மட்டும் தேடு' எனப் பணிக்கிறான்.

கோடே இல்லையெனில் இரைச்சலும் வான்பொருளாக வேடம் புனையும். கோடு குறுகினாலோ, மங்கலான மெய்ப்பொருள் கணக்கில் வராமற் போகும். ஆகவே, கோடு வரைவது குற்றமன்று. வரைந்த கோட்டை வேதவாக்காக்குவதே குற்றம். நேர்மையான ஆய்வாளன் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கழித்தபின் எஞ்சியதைப் பார்க்கிறான். எச்சத்தில் உருவம் தென்பட்டால் கோட்டை விரிக்கிறான். 2019 ஏப்ரலில் வெளியான எம்87 கருந்துளையின் படத்தை, நான்கு குழுக்கள் முதலில் ஒன்றையொன்று கலவாமல் தனித்தனியே உருவாக்கின. அதன் பின்னரே ஒப்புநோக்கின. தன் கண்ணைத் தானே ஐயுறும் இப்பண்பே விஞ்ஞானத்தின் அறம்.

பசறையின் தேயிலைச் சரிவுகளில் வாழும் நமக்கு வேறொரு கோடு நினைவுக்கு வராமற் போகாது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கச் சட்டம், பிரஜாவுரிமைக்குத் தந்தைவழிப் பிறப்பின் சான்றைக் கேட்டது. பிறப்புகள் ஏட்டில் ஒழுங்காக ஏறாத லயங்களில் சான்றுக்கு எங்கே போவது? 1947-இல் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களின் வாக்குரிமை 1949-இல் பறிபோயிற்று. 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டபோது 9,75,000 பேர் பங்கிடப்பட்டனர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிகுந்த 1,50,000 பேரோ, பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என விடப்பட்ட எச்சம்! 1974-இல்தான் அவர்களும் சரிபாதியாக்கப்பட்டனர். நாடற்றோராய் எஞ்சியவர்களுக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003-இல் வந்தது.

இரு கோடுகளும் ஒன்றெனச் சொல்லவில்லை. வேற்றுமையே நமக்கு முக்கியம். கோட்டுக்கு வெளியே விடப்பட்ட வான்பொருள் ஒளியிழப்பதில்லை. நாளை மற்றொருவன் அதைக் கண்டுகொள்வான். வெளியே விடப்பட்ட மனிதனுக்கோ வாழ்நாள் ஒன்றுதான். ஆகையால், வானத்தில் தன்னை மெய்ப்பிக்கும் பொறுப்பை மங்கிய புள்ளியின்மீது சுமத்தலாம். சமூகத்தில் அப்பொறுப்பு கோடு வரைகிறவனையே சாரும்.

'மனிதக் கை வேண்டாம், இயந்திரம் வரையட்டும்' என்பார் உளர். சிலி நாட்டு ஆல்மா தொலைநோக்கியின் தரவுகளுக்குக் கணினியே மாஸ்க் வரைகிறது. ஆனால், எவ்வளவு பிரகாசம் இருந்தால் உள்ளே சேர்க்கலாம் என்ற அளவுகோலை அமைத்தவன் மனிதனே. தராசு பொய் சொல்லாது. எனினும் குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தவளுக்கு 'அரைப் பேர்' என்று விதித்தது தராசன்று.

ஆசிரியர்களே, மாணவர்களே! எந்தப் பட்டியலும், எந்தக் கணக்கெடுப்பும், எந்தச் சட்டமும் நம் முன் வைக்கப்படும்போது, உள்ளே இருப்பதை மட்டும் வாசித்து அமையாதிருப்போம். எஞ்சியது என்ன, அதைப் பார்த்தது யார், கோட்டைத் திருத்தும் உரிமை எவரிடம் உள்ளது என்று கேட்போம். அக்கேள்விக்கு இடமளிக்காத தூய்மை, எத்துணைத் தெளிவான படத்தைத் தந்தாலும், பொய்யே.