அழுத கண்ணும் அழகிய பொறுமையும்

மவ்த்தான வீட்டிற்கு ஆறுதல் சொல்லப் போகிறவர்களில் சிலர், பிள்ளையைப் பறிகொடுத்த தாயைப் பார்த்து, “அழாதீர்கள், அழுவது ஈமானுக்கு அழகல்ல, ஸபூர் செய்யுங்கள்” என்கிறார்கள். வியாபாரம் நொடித்தவரிடம், “எல்லாம் நன்மைக்கே, முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் கேட்டவரோ பகலில் சிரித்து, இரவில் தலையணையை நனைக்கிறார். “நம் ஈமானில் குறை வந்துவிட்டதோ?” என்ற அச்சமும் அவரைப் பிடித்துக்கொள்கிறது. இருந்த துக்கம் போதாதென்று இது இன்னொரு துக்கம்!

துக்கத்தை மறைப்பதுதான் ஸபூரா? வரவழைத்துக்கொண்ட சிரிப்புதான் தவக்குலா?

யூஸுஃபை ஓநாய் தின்றுவிட்டதென்று மக்கள் வந்து சொன்னபோது, அழகிய பொறுமையே தம் வழி என்றார்கள் ஹஜ்ரத் யஃகூப் (அலை) அவர்கள். அந்தப் பொறுமை எப்படி இருந்தது? ஆண்டுகள் பல கழிந்த பின்னும் மகனை எண்ணி வருந்தினார்கள். அந்தத் துயரத்தால் அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதைத் திருக்குர்ஆனின் 12-ஆவது அத்தியாயம் சொல்லுகிறது. மக்கள் குறைபட்டபோது, தம் கவலையை அல்லாஹ்விடமே முறையிடுவதாகக் கூறினார்கள். அத்தோடு நிற்கவில்லை. யூஸுஃபையும் அவர் தம்பியையும் தேடிப் போகும்படியும், அல்லாஹ்வின் அருளில் நிராசை கொள்ள வேண்டாமென்றும் ஏவினார்கள். கண் வெளுக்க வருந்திய அதே தந்தைதான் தேடி வர ஆள் அனுப்பினார்கள்! “எனக்கு ஒரு குறையுமில்லை” என்று சிரிப்பவருக்குத் தேட என்ன இருக்கிறது?

ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டு, பச்சிளம் மகனார் இப்ராஹீம் உயிர் பிரியும் தறுவாயில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கண்கள் கண்ணீர் சொரிந்தன. தாங்களுமா என்று ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வியந்தபோது, அது இரக்கம் என்று விளக்கினார்கள். கண்ணுக்கு அழவும் நெஞ்சுக்கு வருந்தவும் இடம் தந்தார்கள். இறைவன் பொருந்தாத சொல் வரக் கூடாதென்று நாவுக்கு மட்டும் எல்லை வகுத்தார்கள். கன்னத்தில் அறைந்துகொள்வதும், ஆடையைக் கிழிப்பதும், ஒப்பாரி வைப்பதும் அந்த எல்லைக்கு அப்பாற்பட்டவை. கண்ணீர் அப்படியன்று.

“எந்த நிலையிலும் அல்ஹம்துலில்லாஹ் சொல்ல வேண்டாமா?” என்று சிலர் கேட்கலாம். அவசியம் சொல்ல வேண்டும். ஆனால் அது ரப்புக்குச் செலுத்தும் நன்றி. அண்டை அயலாரிடம் நம் நிலையை மூடி மறைக்கும் திரையன்று. ஹஜ்ரத் ஐயூப் (அலை) அவர்கள் தம்மைத் துன்பம் தீண்டிவிட்டதென்று வாய்விட்டே இறைவனிடம் சொன்னார்கள். அவர்களைத்தான் பொறுமையாளர் என்று அல்லாஹ் புகழ்கிறான். மனிதன் பலவீனனாகவே படைக்கப்பட்டிருக்கிறான் என்பது குர்ஆன் கூறும் உண்மை. அந்தப் பலவீனத்தை ஒப்புக்கொள்வதே அடிமைக்கு அழகு. ஹகீமிடம் போய், “எனக்கு நோயே இல்லை” என்பவனுக்கு என்ன மருந்து கிடைக்கும்? நோயைச் சொல்லி, குணமாகும் என்றும் நம்புகிறானே, அவனுடையதுதான் நம்பிக்கை.

ஆறுதல் சொல்லப் போகிறவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. பிரசவ வேதனையில், இதற்கு முன்பே மவ்த்தாகியிருக்கக் கூடாதா என்று கலங்கினார்கள் மர்யம் (அலை) அவர்கள். அதற்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை. கவலை வேண்டாம் என்ற சொல்லோடு காலடியில் நீரோடையும், பேரீச்ச மரத்திலிருந்து கனிந்த பழமும் கிடைத்தன. ஹிஜ்ரி 8-இல் மூத்தா போரில் ஹஜ்ரத் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அவர்கள் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆகவே, துக்க வீட்டிற்கு உபதேசத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட ஒரு சட்டிச் சோற்றைக் கொண்டு போவோம். அழுகிறவர் பக்கத்தில் பேசாமல் சற்று நேரம் உட்கார்ந்திருப்போம்.

வல்ல அல்லாஹ் நம் கண்ணீரை ஏற்று, நாவைக் காத்து, அவன் ரஹ்மத்தில் நிராசையடையாத உள்ளத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.