செய்து கொடுத்தோம், சொல்லிக் கொடுத்தோமா?

 



இன்று என்னுடைய ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். இந்த வாரம் அஸருக்குப் பிறகு நம் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் வந்தார். வயது எண்பதை நெருங்குகிறது. உம்ராவுக்குப் போகிறார். மதீனாவில் ரவ்ழா ஷரீஃபுக்குள் செல்ல நுஸுக் செயலியில் முன்பதிவு செய்ய வேண்டும் அல்லவா? "எப்படின்னு கொஞ்சம் காட்டுங்க ஹஜ்ரத்" என்று போனை நீட்டினார். மக்தப் பிள்ளைகள் எனக்காகக் காத்திருந்தார்கள். போனை வாங்கினேன், நாலு தட்டு தட்டினேன், முடித்துக் கொடுத்துவிட்டேன். அவர் முகம் மலரவில்லை. "செஞ்சு குடுத்துட்டீங்க ஹஜ்ரத், சொல்லிக் குடுக்கலையே! அங்கே வாசல்ல கேட்டா இதை எப்படித் திறந்து காட்டுவேன்?" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாம் யாரை 'இவருக்கு வராது' என்று முடிவு கட்டுகிறோம்? ரூபாய்க்கு 16 அணா என்று வாய்ப்பாடு படித்தவர் அவர். 1957 ஏப்ரலில் அது 100 நயா பைசாவாக மாறியபோது புதுக் கணக்கைக் கற்றுக்கொண்டார். படியும் வீசையும் போய் லிட்டரும் கிலோவும் வந்தன, அதையும் கற்றார். டிரங்க் கால் போட்டுக் காத்திருந்தார். வளைகுடாவிலிருந்து பிள்ளை பேசி அனுப்பிய கேசட்டைப் போட்டுக் கேட்டார். எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்றார். மாற்றம் அவருக்குப் புதிதல்ல.

அப்படியென்றால் இப்போது மட்டும் ஏன் தடுமாற்றம்? அன்று அணா மாறியபோது ஊரே சேர்ந்து தடுமாறியது. கடைக்காரருக்கும் தெரியவில்லை, வாங்க வந்தவருக்கும் தெரியவில்லை. அதில் வெட்கம் இல்லை. இன்றோ வீட்டில் எல்லோருக்கும் தெரிகிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை. தான் தூக்கி வளர்த்த பேரனிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. அவனோ, "எத்தனை தடவை சொல்றது?" என்கிறான். பெரியவர்கள் தோற்பது இயந்திரத்திடம் அல்ல சகோதரர்களே, நம்முடைய அவசரத்திடம்தான்.

ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு, அகழ்ப்போர். அகழி வெட்டித் தற்காத்துக்கொள்ளும் முறை அன்றைய அரபிகளுக்குப் பழக்கமில்லாதது. பாரசீகரான ஸல்மான் (ரழி) அவர்கள் சொன்ன யோசனை அது. நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்றார்கள். தாமே மண்ணும் சுமந்தார்கள். அப்போது அவர்களின் வயது ஐம்பதைக் கடந்திருந்தது. பயனுள்ள புதியதைப் பிறரிடம் கேட்டு ஏற்பதில் கண்ணியம் குறைவதில்லை.

இளைஞர்களே, பயான்களில் நாம் கேட்டு வளர்ந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒரு முதியவர் ஒளூவைச் சரியாகச் செய்யவில்லை. சிறுவர்களான ஹஸன், ஹுஸைன் (ரழி) இருவரும் 'உங்களுக்குத் தெரியவில்லை' என்று சொல்லவில்லை. 'எங்களில் யார் நன்றாகச் செய்கிறோம், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்' என்று அவர் முன்னால் செய்து காட்டினார்கள். அவர் கற்றுக்கொண்டார், அவருடைய மானமும் காக்கப்பட்டது. கற்பிக்கும் அதபு இதுதான்.

முடியாதவருக்குச் செய்து கொடுப்பது கித்மத். கற்க விரும்புகிறவரிடமிருந்து பிடுங்கிச் செய்வது கித்மத் ஆகாது. அது அவரை நம்மைச் சார்ந்தவராக ஆக்குவது. அவருடைய வங்கிக் கணக்கின் ரகசிய எண் நம் கையில் இருந்தால் அது அமானிதம். அவர் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

இன்னொன்று. போலீஸ் என்றும் வங்கி என்றும் போன் செய்து ஏமாற்றுகிறார்கள். பணத்தை இழந்த பெரியவர்கள் பலர் பிள்ளைகளின் ஏச்சுக்குப் பயந்து மறைத்துவிடுகிறார்கள். அதனால் பணத்தை மீட்கும் நேரம் கைநழுவுகிறது. ஏமாந்தவரை ஏசாதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள்.

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. 'இந்த வயசுல எதுக்கு?' என்று ஒதுங்காதீர்கள். ஸஹாபாக்களில் பலர் முதிர்ந்த வயதில்தான் குர்ஆனைக் கற்றார்கள். அதே சமயம், எல்லாம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை. கையில் காசும் நோட்டுப் புத்தகத்தில் கணக்கும் போதும் என்றால் அது உங்கள் உரிமை. பள்ளிவாசல் உண்டியல் பக்கத்தில் க்யூஆர் அட்டை வைத்தாலும் உண்டியலை எடுக்க மாட்டோம்.

மறுநாள் நானே அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். போன் அவர் கையில். என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மூன்று முறை தவறான இடத்தைத் தொட்டார். நான் வாய் மட்டும் திறந்தேன். படிகளைத் தம் கையெழுத்தில் எழுதிக்கொண்டார். நாலாவது முறை அனுமதிச் சீட்டைத் தாமே திறந்து என் முகத்துக்கு நேரே காட்டினார். நாற்பது நிமிடம் ஆனது. நம்மை நடக்கப் பழக்க அவர்கள் செலவிட்ட நேரத்துக்கு முன்னால் அது எம்மாத்திரம்?

வல்ல அல்லாஹ் நம் பெரியோர்களுக்கு ஆஃபியத்தையும், நமக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.