சுதந்திரத்தின் வரைவிலக்கணம்

ஒழுக்கத்தைக் கேத்திரகணிதம் போல நிறுவிக்காட்ட முடியுமா? ஒல்லாந்து தேசத்து மெய்யியலாளர் ஸ்பினோஸா (1632–1677) முடியும் என நம்பினார். அவரது தலையாய நூலாகிய ‘அறவியல்’, யூக்கிளிட்டின் முறையைத் தழுவி, வரைவிலக்கணம், வெளிப்படையுண்மை, தேற்றம், நிறுவல் எனப் படிப்படியாகச் செல்கின்றது. அன்பும் அச்சமும் பொறாமையுங்கூட அங்கே அவ்வாறே ஆராயப்படுகின்றன.

வாழ்வை இவ்வாறு சூத்திரங்களுள் அடைப்பது உயிரற்ற வித்தை என்பார் உளர். ஆயினும் இம்முறையின் உயிர்ப்பை அவரது வாழ்விலேயே நாம் காண்கின்றோம். 1656இல் அம்ஸ்ரடாம் யூத சமூகம் அவரை விலக்கிவைத்தது. கண்ணாடி வில்லைகளைத் தீட்டியும் நண்பர்களின் உதவியைக் கொண்டும் எளிமையாக வாழ்ந்த அவருக்கு, 1673இல் ஹைடல்பேர்க் சர்வகலாசாலையிலிருந்து மெய்யியற் பேராசிரியர் பதவி தேடி வந்தது. சிந்திக்கும் சுதந்திரம் தாராளமாக உண்டு. அதனால் நாட்டில் நிலைபெற்ற சமயத்துக்கு ஊறு நேராது என அரசர் நம்புகின்றார் என்பது அவ்வழைப்பின் சாரம்.

ஸ்பினோஸா பணிவுடன் மறுத்துவிட்டார். கற்பித்தல் தமது ஆராய்ச்சிக்குத் தடையாகும் என்பது ஒரு காரணம். அச்சுதந்திரம் எந்த எல்லைக்குள் நிற்கவேண்டும் என்பது தமக்கு விளங்கவில்லை என்பது மற்றொன்று. அளவையியல் கற்றவர் கேட்கவேண்டிய கேள்வி இதுவே. வரைவிலக்கணம் தரப்படாத சொல்லைக்கொண்டு தேற்றம் எதனையும் நிறுவ முடியாதன்றோ? எல்லையை வரையும் உரிமை கொடுப்பவரிடமே இருக்கும்வரை, பெறுபவர் பெறுவது சலுகையே. எந்த வார்த்தை குற்றமாகும் என அறியாதவர் எல்லா வார்த்தைகளுக்கும் அஞ்சுவர். பிறர் தடுக்குமுன் தாமே தம்மைத் தடுத்துக்கொள்வர். சம்பளத்தை நம்பி வாழ்வோர்க்கு இவ்வாறு மறுத்தல் எளிதன்று. ஸ்பினோஸாவுக்கோ அவரது கைத்தொழில் துணைநின்றது.

அவர் அஞ்சியதே இல்லையா? 1670இல் பெயரின்றி அவர் வெளியிட்ட சமய அரசியல் ஆய்வுநூல் 1674இல் தடைசெய்யப்பட்டது. 1675இல் ‘அறவியலை’ அச்சிட முனைந்தவர், எதிர்ப்பைக் கண்டு நிறுத்திக்கொண்டார். அவர் மறைந்த பின்னர், 1677இல், நண்பர்களே அதனை வெளியிட்டனர். இதனைக் கோழைத்தனம் என நாம் கூறோம். எழுதியதை வெளியிடாது வைத்திருப்பது வேறு. வெளியிடத்தக்கதை மட்டுமே சிந்திப்பது வேறு. அந்தத் தாமதத்தின் பழி, அவரைக் காத்திருக்க வைத்த சமுதாயத்தையே சாரும்.

‘உமக்கு முழுச் சுதந்திரம் உண்டு, ஆயினும்...’ எனத் தொடங்கும் உறுதிமொழிகள் இன்றும் வழங்கப்படுகின்றன. அந்த ‘ஆயினும்’ எங்கே முடிகின்றது என்று கேட்பது, எழுதுவோரும் கற்பிப்போருமாகிய நம் அனைவரதும் கடமையாகும்.