பாறைமீது கட்டிய வீடு

மைசூரின் பழைய நகர்ப் பகுதியில் அக்ரஹாரம் என்றே பெயர் பெற்ற ஓர் இடம் உண்டு. இன்று அங்கே கடைகளும் வாகன நெரிசலும் மிகுந்த நாற்சந்தியையும், நூற்றொரு கணபதிகள் எழுந்தருளியுள்ள கோயிலையும் காணலாம். அக்ரஹாரம் என்பது சாஸ்திரங்களை ஓதவும் ஓதுவிக்கவும் வல்லவர்களுக்கு மன்னர்கள் மானியமாக அளித்த குடியிருப்பு. ஓதுபவருக்கு வீட்டையும் நிலத்தையும் கொடுத்து, அவர் ஓதியபடி வாழ்ந்தும் காட்டுவார் என்று ஒரு சமுதாயம் நம்பியது. அந்த நம்பிக்கையின் முற்பாதி எளிது, பிற்பாதிதான் கடினம்.

1892 நவம்பரில் அந்த மைசூருக்கு ஓர் இளம் துறவி வந்தார். நாராயண சாஸ்திரி சாலையிலுள்ள நிரஞ்சன மடத்தில் அவர் தங்கினார் என்பது அவ்வூர் மரபு. பின்னர் திவான் சேஷாத்ரி ஐயரின் விருந்தினராகவும் மன்னர் பத்தாம் சாமராஜேந்திர உடையாரின் விருந்தினராகவும் இருந்தார். அவரே சுவாமி விவேகானந்தர். தண்டு, கமண்டலம் தவிர, பரிவிராஜக நாட்களில் அவருடன் பயணம் செய்தவை இரண்டு நூல்கள். ஒன்று பகவத்கீதை. மற்றது, 15-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அ கெம்பிஸ் எழுதிய ‘கிறிஸ்துவைப் பின்பற்றுதல்’.

இந்த இரண்டாவது நூலின் சில அத்தியாயங்களைச் சுவாமிஜி 1889-இல் வங்க மொழியில் பெயர்த்தார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘ஈசானுசரணம்’. அனுசரணம் என்றால் அடியொற்றி நடத்தல். கிறிஸ்துவைப் பற்றி அறிதல் என்றோ, கிறிஸ்துவைப் புகழ்தல் என்றோ அந்நூலுக்குப் பெயர் இல்லை. நற்செய்தியைக் கையில் எடுக்கும் எவரும், அவர் கிறிஸ்தவராயினும் பிற சமயத்தவராயினும், முதலில் மனத்தில் பதிக்க வேண்டிய சொல் இதுவே.

கேட்டலும் கட்டுதலும்

மத்தேயு எழுதிய நற்செய்தியின் ஐந்து, ஆறு, ஏழாம் அதிகாரங்கள் மலைப்பிரசங்கம் எனப்படுகின்றன. மூன்று அதிகாரங்களுக்கும் சேர்த்து 111 வசனங்களே உள்ளன. அரைமணி நேரத்தில் வாசித்து விடலாம். வாழ்ந்து பார்க்க ஓர் ஆயுள் போதாது.

இந்தப் பிரசங்கத்தை ஏசுநாதர் ஓர் உவமையோடு முடிக்கிறார். இருவர் வீடு கட்டுகின்றனர். ஒருவன் பாறையின்மேல் கட்டுகிறான், மற்றவன் மணலின்மேல். மழை பெய்கிறது, வெள்ளம் வருகிறது, காற்று வீசுகிறது. ஒரு வீடு நிற்கிறது, மற்றது விழுகிறது. இந்த உவமையில் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இருவருமே போதனையைக் கேட்டவர்கள். ஒருவன் பக்தன், மற்றவன் நாத்திகன் என்று அங்கே சொல்லப்படவில்லை. மழையும் இருவர் வீட்டின்மீதும் ஒன்றுபோலவே பெய்கிறது. ஒருவன் கேட்டபடி நடந்தான், மற்றவன் கேட்டதோடு நின்றுவிட்டான் என்பதே வேறுபாடு. வெயில் காலத்தில் இரு வீடுகளும் ஒரே மாதிரிதான் தோன்றும். மழை வரும்போதுதான் அஸ்திவாரம் தெரியும்.

குருதேவர் ஸ்ரீராமகிருஷ்ணர் இதையே பஞ்சாங்க உவமையால் விளக்குவார். இந்த ஆண்டு இவ்வளவு மழை என்று பஞ்சாங்கத்தில் அச்சிட்டிருக்கும். ஆனால் அதைப் பிழிந்தால் ஒரு சொட்டு நீரும் வராது.

வேதாந்தம் இதற்கு மூன்று படிகளை வகுத்துள்ளது: சிரவணம், மனனம், நிதித்யாசனம். நற்செய்தியைப் பயில்வதற்கும் இம்முறை பெரிதும் உதவும். முதலில் ஒரு சிறு பகுதியை, ஐந்தாறு வசனங்களுக்கு மேற்படாமல், நிதானமாக வாசித்தல். அடுத்து, ஐயங்களை மறைக்காமல் எழுப்பி, இது யாரிடம் கூறப்பட்டது, என் வாழ்வில் எந்த இடத்தைத் தொடுகிறது என்று சிந்தித்தல். மூன்றாவது, தெளிந்த பொருளில் மனத்தை நிலைநிறுத்தி, அன்றைய செயல் ஒன்றிலேனும் அது வெளிப்படுமாறு வாழ்தல். பெரும்பாலோர் முதற்படியிலேயே அமர்ந்து விடுகின்றனர். வசனங்களை மனப்பாடமாகச் சொல்வோர் உண்டு. அவற்றுள் ஒன்றையாவது வீட்டிலுள்ளோர் அவரிடம் கண்டிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

ஆம் என்றால் ஆம்

ஆணையிட வேண்டாம்; ஆம் என்பதை ஆம் என்றும் இல்லை என்பதை இல்லை என்றும் சொன்னால் போதும் என்பது மலைப்பிரசங்கத்தின் போதனைகளுள் ஒன்று. மைசூர் அரண்மனையில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்கு நல்ல விளக்கம்.

ஒரு நாள் அவையினர் சூழ்ந்திருக்கும்போது, அவர்களைப் பற்றிச் சுவாமிஜியின் கருத்து என்ன என்று மன்னர் வினவினார். மன்னரின் இதயம் நல்லது, ஆனால் சூழ்ந்திருப்போர் எந்த நாட்டு அரசவையிலும் உள்ளவர்களைப் போன்றவர்களே என்று சுவாமிஜி மறைக்காமல் கூறிவிட்டார். பிறகு மன்னர் அவரைத் தனியே அழைத்து, இவ்வளவு வெளிப்படையான பேச்சு ஆபத்தில் முடியலாம், எவரேனும் விஷம் வைத்தாலும் வைத்து விடுவர் என்று எச்சரித்தார். உயிருக்கு அஞ்சி ஒரு துறவி உண்மையைக் கைவிடலாமா என்பதே சுவாமிஜியின் பதிலாக இருந்தது.

ஆனால் நேர்மை என்ற பெயரில் கடுஞ்சொல் பேசுவோருக்கு இந்நிகழ்ச்சி ஆதாரம் ஆகாது. குறையை உரியவரின் முகத்துக்கு நேரே சொல்வதும், அவர் இல்லாத இடத்தில் அவரது நற்குணங்களை மட்டுமே பேசுவதும் சுவாமிஜியின் வழக்கம். நாம் செய்வதோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. மேலதிகாரி எதிரில் புகழ்ச்சி, உணவு இடைவேளையில் இகழ்ச்சி. மாமியார் எதிரில் பணிவு, தொலைபேசியில் புறங்கூறல். பிறர் கண்ணிலுள்ள துரும்பைப் பார்க்குமுன் தன் கண்ணிலுள்ள உத்தரத்தை எடுக்கச் சொன்ன ஏசுநாதரின் உபதேசம் இங்கேதான் சோதிக்கப்படுகிறது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், எதிரில் இல்லாத எவரைப் பற்றியும் குறை பேசுவதில்லை என்று விரதம் இருந்து பார்க்கலாம். உணவை விடும் விரதத்தைவிட அது கடினம் என்பது மாலைக்குள் தெரிந்துவிடும்.

ஆகாயத்துப் பறவைகள்

மன்னர் சுவாமிஜிக்கு விலையுயர்ந்த பரிசுகள் அளிக்க விரும்பினார். சுவாமிஜி ஏற்றுக்கொண்டது உலோகம் கலவாத ஒரு ஹூக்கா மட்டுமே. திவானோ தம் செயலரைக் காசோலைப் புத்தகத்துடன் கடைவீதிக்கு அனுப்பி, சுவாமிஜி விரும்பும் எதையும் வாங்கித் தரச் சொன்னார். ஒரு குழந்தையைப்போலக் கடைகளை எல்லாம் சுற்றிப் பார்த்து ரசித்த சுவாமிஜி, இறுதியில் வாங்கிக்கொண்டது ஒரு சுருட்டு. விடைபெறும்போது பணத்தை மறுத்து, கேரளம் செல்ல ரயில் டிக்கெட் மட்டும் பெற்றுக்கொண்டார்.

பூமியில் பொக்கிஷம் சேர்க்காதே, ஆகாயத்துப் பறவைகளைப் பார், நாளையைப் பற்றிக் கவலைப்படாதே என்ற உபதேசத்தின் உருவமாக அத்துறவி விளங்கினார். ஆனால் இல்லறத்தாரின் நிலை வேறு. வாடகை, பிள்ளைகளின் படிப்பு, வயதான தாயின் மருந்து இவற்றுக்கு நடுவில் இருப்பவர் இந்த வசனத்தை எப்படி வாழ்வது? இந்த ஐயத்தை அடக்கிவிட்டு வாசிப்பவர் அந்த வசனத்தை அலங்காரமாகச் சுவரில் மாட்டி வைப்பாரேயன்றி வாழமாட்டார்.

இங்கே குருதேவரின் வாக்கு கைகொடுக்கிறது. பறவையும் துறவியும் சேமிப்பதில்லை என்பார் அவர். உடனே, குஞ்சு பிறந்தபின் பறவையும் அலகில் இரை கொண்டுவருகிறது என்றும் சேர்ப்பார். இல்லறத்தான் சேமிக்கத்தான் வேண்டும். அது அவனுடைய தர்மம். நற்செய்தியும் விதைக்க வேண்டாம் என்று கட்டளையிடவில்லை. கவலைப்பட வேண்டாம் என்றே கூறுகிறது. உழைப்பு வேறு, கவலை வேறு. உழைப்பு இன்றைக்குரிய கடமையைச் செய்கிறது. கவலையோ நாளைய சுமையையும் இன்றே தூக்கிக்கொண்டு, இன்றைய கடமையையும் கெடுக்கிறது. சேமிப்புக் கணக்கு இருக்கலாம். இரவு உறங்கப் போகும்போதும் இதயம் அந்தக் கணக்கிலேயே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பொக்கிஷம் எங்கோ இதயமும் அங்கே என்று ஏசுநாதர் எச்சரித்தது இதைத்தான்.

மறைவில் செய்யும் தொண்டு

தர்மத்தை வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பது இன்னொரு போதனை. மைசூர் ஸ்ரீராமகிருஷ்ண ஆசிரமம் 1925-இல் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே அங்கே பதினேழு வயது கேரள இளைஞர் ஒருவர் பிரம்மசாரியாகச் சேர்ந்தார். பல ஆண்டுகள் அவருக்குக் கிடைத்த பணி சமைப்பதும் பாத்திரம் துலக்குவதும் வீட்டு வேலைகளைக் கவனிப்பதும். அவரே பிற்காலத்தில் உலகெங்கும் சென்று சொற்பொழிவாற்றி, 1998 முதல் 2005 வரை ராமகிருஷ்ண மடம் மற்றும் மிஷனின் பதின்மூன்றாம் தலைவராக விளங்கிய சுவாமி ரங்கநாதானந்தர். கிறிஸ்துவைப் பற்றி அவர் எழுதிய சிறுநூல் ‘நாம் வணங்கும் கிறிஸ்து’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பைக் கொண்டது. புகழ் வருமுன் யாரும் பாராத அடுப்படியில் கழிந்த ஆண்டுகளே அந்த வணக்கத்துக்கு அஸ்திவாரம் என்று கொள்வதில் தவறில்லை.

எத்தனையோ தாய்மார்கள் நோயுற்ற முதியவர்களுக்கு நாள்தோறும் மறைவில் பணிவிடை செய்கின்றனர். எவரும் பார்க்கவில்லையே என்ற ஏக்கம் எழும்போது, மறைவில் இருப்பதைக் காணும் தந்தை ஒருவர் உண்டு என்ற அந்த வாக்கை அவர்கள் நினைவுகூரலாம்.

பீடத்தின் முன் காணிக்கை

மலைப்பிரசங்கத்தில் மிகக் கடினமான பகுதி எது? பீடத்தின் முன் காணிக்கையுடன் நிற்கிறாய். உன்மீது உன் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென்று அப்போது நினைவு வருகிறது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு சமாதானம் செய், பிறகு வந்து காணிக்கையைச் செலுத்து என்கிறார் ஏசுநாதர். அவனிடம் உனக்கு மனத்தாங்கல் இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அவனுக்கு உன்மீது இருந்தால் என்கிறார். அதாவது, நான் யாரையும் வெறுக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

ஒரு சுவருக்காக, ஒரு பாகப்பிரிவினைக்காக, தாயின் நகை யாருக்கு என்பதற்காகப் பல ஆண்டுகள் பேசாமல் இருக்கும் உடன்பிறப்புகள் எல்லாச் சமயங்களிலும் உள்ளனர். கிறிஸ்துமஸ் திருப்பலியில் ஒரே ஆலயத்தில் வெவ்வேறு வரிசைகளில் அமர்வர். வைகுண்ட ஏகாதசிக்கு ஒரே கோயிலில் முகம் பாராமல் நகர்வர். அந்தப் பூஜை அந்த இடத்திலேயே பாதியில் நிற்கிறது என்பதே நற்செய்தியின் தீர்ப்பு.

பொறுமை என்பது கொடுமைக்கு உடன்படுதல் அன்று. கடிப்பதை விட்டுவிட்டுச் சீறவும் மறந்து அடிபட்ட பாம்பின் கதையைக் கூறி, கடிக்காதே, ஆனால் சீறு என்று குருதேவர் இல்லறத்தாருக்கு உபதேசித்தார். அடிக்கிற கணவனையோ ஏமாற்றுகிற கூட்டாளியையோ தடுத்து நிறுத்துவது பகை ஆகாது. நெஞ்சில் விஷத்தைத் தேக்கி வைப்பதே பகை.

அவரவர் வழியில் நின்று

1886 டிசம்பர் 24 இரவு, ஆன்ட்பூரில் நெருப்பு மூட்டி அமர்ந்திருந்த இளம் சீடர்களிடம் நரேந்திரர் ஏசுநாதரின் வாழ்வை எடுத்துரைத்தார். அனைவரும் துறவு பூண உறுதி கொண்டனர். அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்பது அவர்களுக்குப் பிறகே தெரிந்தது. அந்த நினைவாக இன்றும் ஸ்ரீராமகிருஷ்ண மடங்களில் அன்று மாலை ஏசுநாதருக்கு ஆராதனை நடைபெறுகிறது.

இது எவரையும் சமயம் மாற்றுவதற்காக அன்று. மைசூரை விட்டுச் சென்ற பத்தே மாதங்களில், 1893 செப்டம்பர் 27-இல், சிகாகோ சர்வசமயப் பேரவையின் நிறைவுரையில் சுவாமிஜி, கிறிஸ்தவர் இந்துவாகவோ இந்து கிறிஸ்தவராகவோ மாற வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் பிறர் சமயத்தின் சாரத்தை ஏற்று, தம் இயல்பிலேயே வளர வேண்டும் என்ற கருத்தை உலகின் முன் வைத்தார். 1894 ஜூன் 23-இல் சிகாகோவிலிருந்து மைசூர் மன்னருக்கு எழுதிய கடிதத்திலும், பிறருக்காக வாழ்வதே உண்மையான வாழ்வு என்று வற்புறுத்தினார். அம்மன்னரின் மகன் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1933-இல் மைசூரின் புனித பிலோமினா ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்.

ஆகவே, நற்செய்தியைக் கையில் எடுக்கும் கிறிஸ்தவ அன்பர் அதனால் மேலும் நல்ல கிறிஸ்தவராகட்டும். இந்து அன்பர் மேலும் நல்ல இந்துவாகட்டும். அதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. வாரத்துக்கு ஒரு வசனம் போதும். காலையில் அதை ஒரு முறை வாசிக்கலாம். பகலில் அதற்கேற்ற ஒரு செயலைச் செய்யலாம். இரவில், இன்று எங்கே தவறினேன், யாரிடம் போக வேண்டியிருக்கிறது என்று இறைவன் சந்நிதியில் அமைதியாக எண்ணிப் பார்க்கலாம். போக வேண்டியவரின் பெயர் நினைவுக்கு வந்தால் நாளை என்று தள்ளாமல் புறப்பட்டுவிடுவது நல்லது. அவர் கதவைத் திறக்காமலும் இருக்கலாம். நம் பங்கு, போய்த் தட்டுவது.

மழை யார் வீட்டையும் விட்டுவைப்பதில்லை. அது வருமுன் ஒரு கல்லையேனும் பாறைமீது வைத்துவிட எல்லோருக்கும் இறைவன் அருள்வாராக!