ஆணிமாண்டவியரின் ஆசிரமமும் வீட்டுக் கணினியும்

மகாபாரதத்தின் ஆதி பர்வத்தில் வரும், ஆணிமாண்டவியர் எனப்படும் மாண்டவிய முனிவரின் சரிதத்தைக் கேட்பவர்கள், குற்றமற்ற ஒருவர் கழுவேற்றப்பட்ட கொடுமைக்கு இரங்குவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள். மௌன விரதம் பூண்டு, ஆசிரம வாயிலில் மரத்தடியில் கைகளை உயர்த்தி நின்றபடி தவம் செய்துகொண்டிருந்த அவருடைய இருப்பிடத்துக்குள், அரண்மனைக் காவலருக்கு அஞ்சி ஓடிவந்த திருடர்கள் களவுப் பொருளோடு புகுந்து ஒளிந்துகொண்டார்கள். துரத்தி வந்த காவலர் வினவியபோது முனிவர் வாய் திறக்கவில்லை. உள்ளே பொருளும் திருடரும் அகப்பட்டபின், இவரும் உடந்தையே என்று கருதிய அரசன் அவர்களோடு சேர்த்து இவரையும் கழுவில் ஏற்றுவித்தான். எந்த வினையின் பயன் இது என்று பின்னாளில் அவர் தருமதேவனிடம் சென்று கேட்க, பிள்ளைப் பருவத்தில் பூச்சிகளைப் புல்லால் குத்தியதன் பயன் என்று விடை வந்தது. வெகுண்ட முனிவர், 14 வயது நிரம்பும்வரை செய்யும் எதுவும் பாபமாகாது என்று அன்றே ஓர் எல்லை வகுத்து, மண்ணில் பிறக்குமாறு தருமதேவனையே சபித்தார். விதுரராகப் பிறந்தவர் அந்தத் தருமதேவனே.

அறியாமல் நேர்ந்த தீங்குக்கு ஒருவன் எவ்வளவு தூரம் பொறுப்பாளி என்ற இந்தப் பழைய வினாவை, இன்று மீஞ்சூரிலும் பழவேற்காட்டுக் குப்பங்களிலும் வீட்டு மேசைமேல் இருக்கும் கணினி மறுபடியும் எழுப்புகிறது என்பதே என் எண்ணம். 2011 செப்டம்பர் 15 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், அதுவரை அத்தகைய கருவியைத் தொட்டும் பாராத மீனவக் குடும்பங்களின் பிள்ளைகளும் அதைக் கையில் ஏந்தினார்கள். மாண்டவியர் வகுத்த 14 ஆண்டுக் காலம் அன்றிலிருந்து கணக்கிட்டாலும் முடிந்துவிட்டது.

வைரஸ் என்றால் நம் கோப்புகளை அழிப்பது, நம் பணத்தைத் திருடுவது என்று மட்டுமே நாம் எண்ணுகிறோம். அந்த அளவில் அது அவரவர் நஷ்டம். அறவிசாரணைக்கு அங்கே அதிக இடமில்லை. ஆனால் இந்நாளைய நச்சுநிரல்களில் பல, தாம் குடியேறிய கணினிக்கு வெளிப்படையாக ஒரு கேடும் செய்வதில்லை. உரிமையாளர் திரைப்படம் பார்த்துக்கொண்டிருக்கையில், அவருடைய இயந்திரத்தைக்கொண்டே எங்கோ உள்ள ஒருவருக்கு மோசடிக் கடிதம் அனுப்புகின்றன. ஒரு நிறுவனத்தின் வலைத்தளத்தை முடக்கும் படையில் அதையும் ஒரு சிப்பாயாகச் சேர்க்கின்றன. பிறரிடமிருந்து களவாடிய விவரங்களை அதிலேயே பதுக்கவும் செய்கின்றன. இத்தகைய கணினிக் கூட்டத்தைப் பாட்நெட் என்கிறார்கள். காவல்துறை தடம் பிடித்து வந்தால், இணைய முகவரி காட்டுவது திருடனின் வீட்டையன்று, நம் வீட்டை. மாண்டவியர் ஆசிரமத்தில் நடந்தது எழுத்துக்கு எழுத்து இதுவேயன்றோ?

2016 அக்டோபர் 21 அன்று மிராய் என்னும் நச்சுநிரல், கண்காணிப்புக் கேமராக்களையும் இணைய ரவுட்டர்களையும் பெருந்திரளாகத் திரட்டி இணையத்தளங்களின் முகவரிகளைத் தேடித்தரும் டைன் என்ற நிறுவனத்தின்மேல் ஏவியபோது, ட்விட்டர் முதலிய தளங்கள் அமெரிக்காவில் பலருக்குப் பலமணி நேரம் திறக்கவில்லை. அந்தக் கேமராக்களை அது வசப்படுத்தியது எவ்வித மாய வித்தையாலும் அன்று. ஆலையில் வைத்தனுப்பிய கடவுச்சொற்களை வாங்கியவர்கள் மாற்றாமலே விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு மே 12-இல் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வன்னாக்ரையின் கதை இன்னும் துயரமானது. விண்டோஸிலிருந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதத்திலேயே வெளியிட்டுவிட்டது. ‘அப்டேட்’ கேட்டபோதெல்லாம் ‘பிறகு’ என்று தள்ளிவைத்தவர்களின் கணினிகளில் புகுந்து, அங்கிருந்து தானாகவே அடுத்த கணினியைத் தேடித் தாவிய அந்த நிரல், சுமார் 150 நாடுகளை எட்டியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள்கூட ஒத்திவைக்கப்பட்டன. தள்ளிவைத்தவர்களில் ஒருவருக்கேனும் நோயாளிக்குத் தீங்கு செய்யும் சங்கல்பம் இருந்ததா? இல்லை. எனினும் அவர்கள் கைவழியாகவே அந்தத் தீங்கு கடந்து சென்றது.

நம் தேசத்துச் சமயங்கள் இந்த இடத்தில் ஒரே குரலில் பேசவில்லை. மனத்தால் செய்யும் வினையே கனமானது என்ற புத்தருக்கும், உடலால் செய்வதே கனமானது என்ற நிகண்டர்களான ஜைனர்களுக்கும் இடையிலான தர்க்கத்தை உபாலி சூத்திரம் விரிவாகச் சொல்கிறது. சங்கல்பமே வினை என்றால், நம் கணினி உரிமையாளர் விடுதலையாகிவிடுவார். ஆனால் பௌத்த மரபிலேயே மிலிந்தன் வினா என்னும் நூலில், அறிந்து பாபம் செய்பவனைவிட அறியாமல் செய்பவனுக்கே தீமை அதிகம் என்று நாகசேனர் விடை கூறுகிறார். பழுக்கக் காய்ந்த இரும்புருண்டையைச் சூடு என்று அறியாமல் பற்றுபவனுக்கே கை மிகுதியாக வேகும் என்பது அவர் காட்டும் திருஷ்டாந்தம். ஜைனத்தில், தத்துவார்த்த சூத்திரம் இயற்றிய உமாஸ்வாதி, ஹிம்சைக்கு இலக்கணம் கூறும்போது பிரமாதத்தை, அதாவது அஜாக்கிரதையை, அந்த இலக்கணத்துக்குள்ளேயே வைத்துவிட்டார். மீஞ்சூருக்குத் தென்மேற்கே புழலில் இன்றும் வழிபாட்டிலுள்ள ஆதிநாதர் கோயிலை நினைக்கும்போது, இத்தத்துவம் இம்மண்ணுக்குப் புறம்பானதன்று என்ற தெளிவும் கிடைக்கிறது. எனக்கு உமாஸ்வாதியின் வழியே ஏற்புடையதாகப் படுகிறது. பகையில்லாத மனமும் கவனமில்லாத கையும் ஓரிடத்தில் கூடியிருத்தல் சாத்தியமே. தீங்குக்கு ஆளானவருக்கு இரண்டாவது மட்டுமே தெரியும்.

கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடைக் கணினியில் சொருகி எடுத்த பென் டிரைவை வீட்டில் திறந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கோப்புறைகள் மறைந்து, அதே பெயரில் இடப்புற மூலையில் சிறிய வளைந்த அம்புக்குறி தாங்கிய ஷார்ட்கட்டுகள் நிற்கும். பெயர் பழகியதாயிற்றே என்று ஒன்றை இருமுறை சொடுக்கினால், வீட்டுக் கணினியும் அதே நோயை அடுத்த பென் டிரைவுக்கு ஏற்றத் தொடங்கும். அந்த அம்புக்குறியைக் கண்டதும் கையை நிறுத்துவதற்குப் பெரிய சாஸ்திர ஞானம் வேண்டியதில்லை. கள்ளப்பிரதி மென்பொருளின் விஷயம் இதனினும் ஆழமானது. விலை கொடாமல் நிரலை இயக்க ‘கிராக்’ தேடுபவரிடம், முதலில் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள் என்று அந்தக் கிராக்கே சொல்கிறது, அவரும் அணைக்கிறார், குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று அப்டேட்டையும் நிறுத்திவைக்கிறார். ஜைன இல்லறத்தாருக்குரிய அணுவிரதங்களுள் கள்ளாமையில் நேர்ந்த சிறு நழுவல், கொல்லாமையின் காவலையும் தகர்த்துக்கொண்டு போகும் விதத்தை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் கண்டதில்லை.

பழவேற்காட்டு ஏரியில் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊரார் தலைமுறைகளாகக் காத்துவரும் பாடு முறையில், எவர் எந்நாள் எவ்விடத்தில் வலை கட்டுவது என்பதை ஊரே கூடி முறைவைக்கிறது. வலை அவரவர் சொத்தானாலும் நீர் ஒன்றே ஆதலால், ஒருவர் தம் வலையை எப்படிக் கட்டுகிறார் என்பது மற்றவரையும் பாதிக்கும் விஷயமாகிவிடுகிறது. இணையமும் அத்தகைய ஒரே நீர்தான். அதில் இறங்கிவிட்டபின், என் கணினியை நான் எப்படியும் வைத்துக்கொள்வேன் என்று கூற ஒருவருக்கும் உரிமை இல்லை.

ஆனால் மாண்டவியரின் கோபத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது; அதை மறந்து பேசுவது தருமம் ஆகாது. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8000 ரூபாய் வங்கியில் ஏறிவிட்டதா என்று பேரனின் கைப்பேசியில் பார்க்கும் மூதாட்டிக்கு, திருமணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வந்து விழுவது ஏபிகே என்னும் நிறுவு கோப்பு என்று எவர் சொல்லிக்கொடுத்தார்? அவர் இந்த விஷயத்தில் 14 வயது நிரம்பாதவரே. அவர்மேல் பழி சுமத்துவது, பூச்சியைக் குத்திய குழந்தையைக் கழுவேற்றுவதற்கு ஒப்பாகும். அவருடைய பங்கின் பொறுப்பு, கடவுச்சொல்லை மாற்றச் சொல்லாமலே கருவியை விற்றவரையும், எச்சரிக்கையை அவருக்குப் புரியாத ஆங்கிலத்தில் அனுப்பும் வங்கியையும், வீட்டிலேயே இருந்தும் விளக்கிச் சொல்லாத படித்த பேரனையும் சேர்கிறது. அறிவு எவரிடம் இருக்கிறதோ அவரிடமே கடமையும் இருக்கிறது. மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா, கணினியைச் சுத்தம் செய்யும் கருவிகளை இலவசமாகவே தருகிறது. அதைத் தரவிறக்கி மூதாட்டியின் வீட்டுக் கணினியில் ஓட்டிப் பார்க்கவேண்டியவன் அந்தப் பேரனே.

இனி எஞ்சியிருப்பது மௌனம். காவலர் கேட்டபோது முனிவர் பேசாதிருந்தது விரதத்தால். நம்மவர் பேசாதிருப்பது வெட்கத்தால். கணினி நோயுற்றது என்று சொன்னால், எந்தத் தளத்துக்குப் போனாய் என்று கேட்பார்களோ என்ற கூச்சம் பலருக்கு இருக்கிறது. பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில், நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒருவருடைய கணினியில் நச்சுநிரல் இருந்தது. அதுபற்றிய செய்தி பரவியதும் அக்டோபர் 29 அன்று மறுப்பு வெளிவந்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், செப்டம்பர் 4-ஆம் தேதியே தகவல் கிடைத்ததென்றும், உலையை இயக்கும் வலையமைப்பு தனியானது, அது பாதிக்கப்படவில்லை என்றும் உண்மையை ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதலே மக்களின் அச்சத்தைத் தணிக்க உதவியது என்று நான் கருதுகிறேன்.

ஜைன மரபில் பிரதிக்கிரமணம் என்று ஒரு நியமம் உண்டு: அறிந்தும் அறியாமலும் எவ்வுயிர்க்கும் இழைத்த பிழையை நாள்தோறும் எண்ணிப் பார்த்து மன்னிப்பு வேண்டுவது. தன் கணினியிலிருந்து நச்சுக்கடிதம் போயிருக்கிறது என்று அறிந்த இல்லறத்தான் செய்யத்தக்க பிராயச்சித்தமும் அதுவே. முதலில் இணைய இணைப்பைத் துண்டிக்கவேண்டும். வேறொரு சுத்தமான கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றவேண்டும். பின்னர், தன் முகவரிப் பட்டியலிலுள்ள உற்றார் உறவினர் ஒவ்வொருவருக்கும், என் பெயரில் வந்ததைத் திறவாதீர்கள் என்று நாணாமல் சொல்லவேண்டும். பணம் போயிருந்தால் சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அந்த மணி நேரத்திலேயே அழைக்கவேண்டும். கணக்கு விட்டுக் கணக்கு மாறிச் செல்லும் தொகையை வழியிலேயே நிறுத்திவைக்க வங்கிகளுக்கு இயல்வது அந்த முதற்பொழுதில்தான்.